அழைக்கும்போது வருபவர்கள்: பிராந்திய இராணுவத்தின் பணிகளும் நினைவுகூரல்களும்

நிலையான படையோடு, தம் தொழிலை விடாமல் ஆண்டின் ஒரு பகுதியை மட்டும் சீருடையில் கழிக்கும் குடிமக்களைக் கொண்ட துணைப்படை ஒன்றையும் வைத்துக்கொள்வது பல நாடுகளின் வழக்கம். இந்தியாவில் அந்த இடத்தை நிரப்புவது பிராந்திய இராணுவம். இதில் சேருபவர் உழவராகவோ வணிகராகவோ அலுவலராகவோ இருந்துகொண்டே படைப்பயிற்சி பெறுகிறார். அரசு அழைக்கும்போது படைவீரராகிறார். பணி முடிந்ததும் தம் ஊருக்கும் தொழிலுக்கும் திரும்பிவிடுகிறார். இப்படைப்பிரிவுகள் செய்யும் பணிகள் எவை, அவை எவற்றை எந்த நாளில் எவ்விதம் நினைவுகூர்கின்றன, பணிகளுக்கும் நினைவுகூரல்களுக்கும் இடையே பொருத்தம் உள்ளதா என்பவையே இக்கட்டுரை ஆராயும் கேள்விகள். முகாமுக்குள் நின்று கேட்டால் இவற்றுக்கு ஒரு விடை கிடைக்கும். முகாமே இல்லாத ஊரில் நின்று கேட்டால் வேறொரு விடை கிடைக்கும். பிராந்திய இராணுவத்தினர் ஆண்டின் பெரும்பகுதியைக் கழிப்பது முகாமில்லாத ஊர்களிலேயே என்பதால், போதமலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்ட நாமகிரிப்பேட்டையையும் அதைச் சூழ்ந்த சேலம், நாமக்கல் சமவெளியையும் நிலைக்களனாகக் கொண்டு இக்கேள்விகள் இங்கு அணுகப்படுகின்றன. இச்சமவெளிக்கு மேற்கே கோயம்புத்தூரில் மதராஸ் ரெஜிமெண்டைச் சார்ந்த 110ஆவது பிராந்திய இராணுவக் காலாட்படை பட்டாலியனும், தெற்கே திருச்சிராப்பள்ளியில் கார்ட்ஸ் ரெஜிமெண்டைச் சார்ந்த 117ஆவது பட்டாலியனும் நிலைகொண்டுள்ளன.

போரைத் தொழிலாகக் கொள்ளாதவர் போரிட்டு மடிவதும், ஊர் அவரை நினைவில் நிறுத்துவதும் இந்நிலப்பகுதிக்குப் புதியவை அல்ல. பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதியாக இருந்த தருமபுரியிலும், அதை அடுத்த செங்கம் வட்டாரத்திலும் செறிந்து காணப்படும் நடுகற்களில் கணிசமானவை, கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரைகளை மீட்கப் போராடி உயிர்விட்டவர்களுக்காக எடுக்கப்பட்டவை. தொறு என்று கல்வெட்டுகள் குறிப்பிடும் அந்த மந்தைகளுக்காக மடிந்தவர்களில் அரசனின் நிலைப்படையைச் சேராத ஊர்க்காரர்களும் இருந்தனர். கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நாட்டி, படையலிட்டு வாழ்த்தும் முறைமையை ஒரு வரிசையாகத் தொல்காப்பியம் புறத்திணையில் வகுத்துக் காட்டுவதிலிருந்து, நினைவுகூரல் அக்காலத்திலேயே ஒழுங்குபட்ட சடங்காக வளர்ந்திருந்தது தெளிவாகிறது. இதில் கருதத்தக்கது கல் நின்ற இடம். அது தலைநகரில் நாட்டப்படவில்லை. வீரன் விழுந்த மண்ணிலோ அவனுடைய ஊரெல்லையிலோ நின்றது. பிற்காலத்தில் மைசூர் ஆட்சியின்கீழ்க் கந்தாசாரம் என வழங்கிய ஏற்பாடும் இதே வகைக் குடிப்படையையே சார்ந்திருந்தது: வரித்தண்டலுக்கும் காவலுக்கும் வேண்டும்போது போருக்கும் அழைக்கப்பட்ட அவ்வீரர்கள், மற்ற நாட்களில் தமக்கு விடப்பட்ட நிலத்தில் பயிர் செய்தார்கள். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலமும் பாரமகால் எனப்பட்ட பகுதியும் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு மாறிய பின்னர் அந்த ஏற்பாடு கலைந்து, படை என்பது சம்பளம் பெறும் முழுநேரச் சிப்பாய்களுக்கு உரியதாயிற்று.

ஆங்கிலேயர் தமக்கென அமைத்துக்கொண்ட தன்னார்வப் படைகள் 1857க்குப் பின் பெருகின; ஆனால் அவை ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ-இந்தியர்க்கும் உரியவையாகவே இருந்தன. முதல் உலகப்போரின் நெருக்கடியில் 1917இல் நிறுவப்பட்ட இந்தியப் பாதுகாப்புப் படையில்தான் இந்தியர்க்கும் ஒரு பிரிவு ஒதுக்கப்பட்டது. போர் முடிந்தபின் 1920இல் இரண்டு தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டு, ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும் உதவிப் படையிலும், இந்தியர் இந்தியப் பிராந்தியப் படையிலும் சேர்க்கப்பட்டனர். ஒரே வகைப் பணிக்கு இனம் பார்த்து இரு சட்டங்கள் எழுதப்பட்டதும், கருவிகளிலும் பயிற்சியிலும் வேறுபாடு காட்டப்பட்டதும் சட்டசபைகளில் கடுமையாகக் கண்டிக்கப்பட்டன. 1924இல் இதை ஆராயவே ஒரு குழு அமர்த்தப்பட வேண்டியிருந்தது. இந்த வேறுபாடு தற்செயலாக நேர்ந்ததன்று. ஆயுதப் பயிற்சி பெற்றுவிட்டு ஊர் திரும்பும் குடிமகனை அந்நிய ஆட்சி அஞ்சியது. அஞ்சியதால் அவனைச் சிறிய எண்ணிக்கையில், அரைகுறைப் பயிற்சியோடு வைத்திருந்தது.

அப்படி ஒதுக்கி வைக்கப்பட்ட அந்தப் பகுதிநேரப் படையே தென்னாட்டின் போர் மரபை அறாமல் காத்தது என்பது வரலாற்றின் நியாயம். 1758 டிசம்பர் 4ஆம் நாளைத் தன் தோற்ற நாளாகக் கொண்டாடும் மதராஸ் ரெஜிமெண்ட், 1803இல் அசாயே களத்தில் பெற்ற யானைச் சின்னத்தை இன்றும் அணிகிறது. தென்னிந்தியர் போருக்கு உகந்த இனத்தார் அல்லர் என்ற ஆதாரமற்ற கோட்பாட்டின் விளைவாக, அதன் நிரந்தரப் பட்டாலியன்கள் இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. எஞ்சி நின்றவை அதன் பிராந்தியப் பட்டாலியன்கள் மட்டுமே. இரண்டாம் உலகப்போரில் ஆள்தேவை எழுந்தபோது அவற்றை அடித்தளமாகக் கொண்டே ரெஜிமெண்ட் மறுபடி எழுப்பப்பட்டது. பின்னர் அதன் பயிற்சி மையம் கோவையை அடுத்த மதுக்கரையிலிருந்து 1947இல் நீலகிரியின் வெலிங்டனுக்கு மாறியது. அந்த இடைக்காலத்தில் ஆண்டுதோறும் பயிற்சி முகாமுக்கு வந்து போன எழுத்தர்களும் ஆசிரியர்களும் உழவர்களும் இல்லையென்றால், இன்றைய தோற்ற நாள் விழாவில் கொண்டாடுவதற்கு அறுபடாத மரபு என ஒன்று இருந்திராது. அவ்விழாக்களில் அசாயே பேசப்படும் அளவுக்கு இவர்கள் பேசப்படுவதில்லை.

விடுதலைக்குப் பின் 1948இல் பிராந்திய இராணுவச் சட்டம் நிறைவேறியது. பழைய இனப்பாகுபாடு நீங்கி, எல்லா இனத்துக் குடிமக்களும் ஒரே படையில் சேர வழி பிறந்தது. தொடக்கத்தில் காலாட்படை, கவசப்படை, வான்பாதுகாப்புப் பீரங்கிப்படை, சிக்னல், வழங்கல் முதலிய பிரிவுகள் அமைந்தன. 1949 அக்டோபர் 9ஆம் நாள் இப்படையை முறைப்படி தொடங்கி வைத்தவர் அப்போதைய கவர்னர்-ஜெனரல் இராஜாஜி. ஆண்டுதோறும் அந்நாளே பிராந்திய இராணுவ நாளாகக் கொண்டாடப்படுகிறது.

சேலம், நாமக்கல் சமவெளியைப் பொறுத்தவரை இந்த நிகழ்ச்சிக்குத் தனிப் பொருளுண்டு. இராஜாஜி பிறந்த தொரப்பள்ளி அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவர் வழக்கறிஞராகத் தொழில் நடத்தியதும் 1917இல் நகராட்சித் தலைவரானதும் சேலத்தில். 1925இல் கதரும் மதுவிலக்கும் பரப்ப அவர் நிறுவிய காந்தி ஆசிரமம், இன்று நாமக்கல் மாவட்டத்திலுள்ள திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இருக்கிறது. அகிம்சையை அரசியல் முறையாகக் கொண்ட தலைவர் ஒருவர் ஆயுதம் ஏந்தும் குடிமக்களின் படையைத் தொடங்கி வைத்ததில் முரண்பாடு காண்பவர் உண்டு. எனினும், முந்தைய முப்பது ஆண்டுகளில் அந்நிய அரசு இந்தியக் குடிமகன்மீது காட்டிய அவநம்பிக்கையோடு ஒப்பிட்டால், அந்த நாளின் உட்பொருள் புலப்படும்: தன் குடிகளிடம் ஆயுதத்தைக் கொடுத்து, அதைத் திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள் என்று நம்பும் அரசு இம்மண்ணில் அமைந்துவிட்டதை அது அறிவித்தது. அதே திருச்செங்கோட்டுப் பகுதியின் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த ஜெனரல் பி. பி. குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைத் தலைவராக விளங்கியதையும் இங்கே நினைக்கலாம். முகாமில்லாத சமவெளி என்பதால் இராணுவத்தோடு உறவில்லாத சமவெளி என்று கொள்வதற்கில்லை.

சட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகக் காண்பது பணிகளை விளங்கிக்கொள்ள உதவும். பிராந்திய இராணுவத்தின் கடமைகள் மூன்று வகையின. பாலங்கள், கிடங்குகள், நிலையங்கள் முதலியவற்றைக் காக்கும் பணியிலிருந்து நிரந்தரப் படையை விடுவித்தல் முதலாவது. இயற்கைப் பேரிடர்களிலும் இன்றியமையாச் சேவைகள் முடங்கும் வேளைகளிலும் குடிமை நிர்வாகத்துக்கு உதவுதல் இரண்டாவது. தேவைப்படும்போது நிரந்தரப் படைக்குப் பிரிவுகளை அளித்தல் மூன்றாவது. ரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள் முதலியவற்றின் ஊழியர்களைக் கொண்டவை துறைசார் பிரிவுகள் எனப்படும். பொதுமக்களிலிருந்து ஆளெடுக்கும் காலாட்படை பட்டாலியன்கள் துறைசாராப் பிரிவுகள் எனப்படும். அரசு ஆணையிட்டு வீரரை முழுநேரப் பணியில் அமர்த்தும் காலம் பணியழைப்புக் காலம். மற்ற காலத்தில் அவர் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் வரை பயிற்சிக்கு வந்தால் போதும். வேறு வருமானம் உடையவராக இருப்பதும் 18 முதல் 42 வரையிலான வயதும் அதிகாரி தேர்வுக்கான அடிப்படைத் தகுதிகளாக உள்ளன. பணிக்குச் சென்று திரும்புபவரை மீண்டும் வேலையில் அமர்த்தும் கடமையை வேலை கொடுத்தவர்மீது சட்டம் சுமத்துகிறது. மாணவர்க்குரிய தேசிய மாணவர் படையும் இதே 1948இல் சட்டம் பெற்றதால் இரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் உண்டு. மாணவர் படையினர்க்குப் போர்ப்பணிக் கடமை கிடையாது, பிராந்திய இராணுவத்தினர்க்கு உண்டு என்பதே இரண்டையும் பிரிக்கும் கோடு.

இந்த ஏற்பாட்டை நாமகிரிப்பேட்டையின் ஆண்டுச் சுழற்சியோடு வைத்துப் பார்த்தால் அதன் இயல்பும் இடரும் ஒருங்கே தெரியும். வைகாசி, ஆனியில் ஊன்றும் மஞ்சளைத் தை, மாசியில் வெட்டி, வேகவைத்து, களத்தில் காயப்போட்டு, மெருகேற்றி, ஏலத்துக்குக் கொண்டுசெல்லும் வரை உழவர் குடும்பத்துக்கு ஓய்வில்லை. குச்சிக்கிழங்கு அறுவடையும் சேகோ ஆலைகளின் அரைவைப் பருவமும் வேறொரு கணக்கில் நடக்கின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் ஆழ்துளைக் கிணறு போடச் செல்பவர்களும் நாமக்கல் லாரிகளில் ஓட்டுநராகச் செல்பவர்களும் மாதக்கணக்கில் வடமாநிலங்களில் இருப்பவர்கள். இரண்டு மாதப் பயிற்சி என்பது ஏட்டில் எளிதாகத் தோன்றினாலும், அது வெட்டுப் பருவத்தில் வந்தால் ஒரு போகத்தின் வருமானத்தையே பாதிக்கக்கூடும். மாதச் சம்பளக்காரருக்குச் சட்டம் தரும் மறுநியமனப் பாதுகாப்பு, சொந்த நிலத்தில் பாடுபடுபவருக்கும் கூலிக்காரருக்கும் எந்தப் பயனும் தருவதில்லை. தம்மைத் தாமே வேலையில் வைத்திருப்பவர்களிடமிருந்து ஆளெடுக்கும் படை ஒன்று, அவர்களுடைய வேளாண் நாட்காட்டியையும் கணக்கில் எடுப்பது நியாயமான எதிர்பார்ப்பே.

பணிகளின் வரலாற்றில் முதற்கட்டம் போர்களோடு தொடர்புடையது. 1962, 1965, 1971 ஆகிய மூன்று போர்களிலும் பிராந்திய இராணுவப் பிரிவுகள் அழைக்கப்பட்டன. குறிப்பாக வான்பாதுகாப்புப் பிரிவுகள் நகரங்களையும் விமான தளங்களையும் காத்தன. 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது ரயில்வேயைச் சார்ந்த பிராந்தியப் பிரிவுகள் வண்டிகளை ஓட்ட அழைக்கப்பட்டது இன்னொரு வகைப் பணி. சேலம், ஈரோடு, ஜோலார்பேட்டை போன்ற சந்திப்பு ஊர்களின் தொழிலாளர் நினைவில் அந்த வேலைநிறுத்தத்துக்கு இருக்கும் இடம் வேறு, படையின் பணிப்பட்டியலில் அதற்கு இருக்கும் இடம் வேறு. ஒரே பணிமனையில் வேலை செய்தவர்களில் சிலர் சீருடையணிந்து மற்றவர்களின் போராட்டத்தை முறியடிக்கும் கருவியாக்கப்பட்ட அந்த நிகழ்ச்சியை எந்த விழாவும் நினைவுகூர்வதில்லை. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இந்திய அமைதிப்படை மேற்கொண்ட நடவடிக்கையிலும் பிராந்தியப் பிரிவுகள் பங்குபெற்றன. தமிழர் வாழ்நிலத்தில் நடந்து, இருபக்கமும் உயிர்களைப் பறித்த அந்நடவடிக்கையைத் தமிழகத்தில் எவரும் எளிதாக நினைவுகூர இயலாது. ஆனால் அதில் பணியாற்றித் திரும்பிய வீரரின் துயரத்தையும் அந்தச் சங்கடத்தோடு சேர்த்துப் புதைத்துவிடுவது முறையாகாது.

பஞ்சாபிலும் காஷ்மீரிலும் வடகிழக்கிலும் உள்நாட்டுக் கிளர்ச்சிகள் எழுந்த பின்னர், காலாட்படை பட்டாலியன்கள் நீண்டகாலப் பணியழைப்பில் வைக்கப்படுவது வழக்கமாயிற்று. பகுதிநேரப் படை என்ற கருத்தும் அதன் நடைமுறையும் விலகத் தொடங்கியது இங்கேதான். 2025 மே 6ஆம் நாளிட்ட அறிவிக்கையின்படி, பிராந்திய இராணுவ விதிகளின் 33ஆம் விதியின்கீழ் எல்லா அதிகாரிகளையும் வீரர்களையும் பணிக்கு அழைக்கும் அதிகாரம் தரைப்படைத் தலைவருக்கு வழங்கப்பட்டது. இருக்கும் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14ஐ நாட்டின் பல்வேறு படைத்தலைமைகளின் பகுதிகளில் பணியமர்த்த இசைவளித்த அந்த ஆணை, 2025 பிப்ரவரி 10 முதல் 2028 பிப்ரவரி 9 வரை மூன்றாண்டுக் காலத்துக்குரியது. மூன்றாண்டு தொடர்ந்து சீருடையில் இருப்பவரின் நிலமோ கடையோ பழையபடி இருக்கும் என எதிர்பார்க்க முடியாது. அவர் நடைமுறையில் முழுநேரச் சிப்பாய். உரிமைகளில் மட்டுமே பகுதிநேரச் சிப்பாய். பணியழைப்பில் கழிந்த காலமே ஓய்வூதியத்துக்குக் கணக்கில் வருவதால், இடையிடையே வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆண்டுகள் அவருடைய கணக்கிலிருந்து உதிர்ந்துவிடுகின்றன. சுற்றுச்சூழல் பட்டாலியன் ஒன்றில் பணியாற்றி விபத்தில் காலை இழந்த வீரர் ஒருவருக்கு ஊனமுற்றோர் ஓய்வூதியம் உண்டு என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. அத்தகைய உரிமையை வழக்காடிப் பெற வேண்டியிருந்ததே, இப்படையின் வீரர்க்கு உரிய மதிப்பு இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதைக் காட்டும்.

அந்தச் சுற்றுச்சூழல் பட்டாலியன்கள் பிராந்திய இராணுவத்தின் பணிகளில் மிகவும் போற்றத்தக்கவை. 1982இல் கடுவால் ரைபிள்ஸைச் சார்ந்த 127ஆவது பட்டாலியன், சுண்ணாம்புக்கல் தோண்டி மொட்டையாக்கப்பட்ட முசோரி மலைச்சரிவுகளில் மரம் நடும் பணியோடு தொடங்கியது. அடுத்து இராஜஸ்தானின் பாலைவனக் கால்வாய்ப் பகுதியிலும் இம்முறை பின்பற்றப்பட்டது. ஓய்வுபெற்ற படைவீரர்களை அவர்தம் சொந்த மாநிலத்து மலைகளிலேயே மீண்டும் பணியமர்த்தி, நட்ட கன்று மரமாகும் வரை அங்கேயே நிறுத்தும் இந்த ஏற்பாட்டில், படையின் ஒழுங்கும் ஊர்ப்பற்றும் ஒன்றுசேர்கின்றன. பேரிடர்ப் பணியில் அண்மைக்காலத்தின் பெரிய எடுத்துக்காட்டு வயநாடு. 2024 ஜூலை 30 அதிகாலையில் நேர்ந்த நிலச்சரிவின்போது, மதராஸ் ரெஜிமெண்டைச் சார்ந்த 122ஆவது பிராந்திய இராணுவ பட்டாலியனின் வீரர்கள் முதலில் சென்ற படைப்பிரிவுகளுள் ஒன்றாக மீட்புப் பணியில் இறங்கினர். மலையாளமும் தமிழும் பேசும் வீரர்கள் மலையாளமும் தமிழும் பேசும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை மீட்கச் செல்வதில், தொலைவிலிருந்து வரும் எந்தப் படையும் தர இயலாத ஓர் அணுக்கம் உண்டு. வட்டாரத்திலிருந்தே ஆளெடுக்கும் பிராந்தியப் படையின் தனிச்சிறப்பு இதுவே.

நினைவுகூரல்களுக்கு வரும்போது மூன்று அடுக்குகள் தெரிகின்றன. மேலடுக்கு அக்டோபர் 9 அன்று புதுதில்லியில் தேசியப் போர் நினைவகத்தில் மலர்வளையம் வைப்பதும், படைத்தலைமையின் வாழ்த்துச் செய்திகளும் ஆகும். 2024இல் இது 75ஆம் ஆண்டு நிறைவாக அமைந்தது. நடு அடுக்கு பட்டாலியனுக்குள் நடப்பது. ஒவ்வொரு பட்டாலியனும் தான் எழுப்பப்பட்ட நாளைக் கொண்டாடுகிறது. தலைமை அதிகாரி எல்லாப் படிநிலையினரையும் ஒரே இடத்தில் கூட்டிப் பேசும் சைனிக் சம்மேளனமும், அதிகாரிகளும் வீரர்களும் ஒன்றாக அமர்ந்துண்ணும் படா கானா எனும் பெருவிருந்தும், எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான வழிபாடும் அந்நாளின் கூறுகள். ஓய்வுபெற்றவர்களும் கணவரை இழந்த பெண்களும் அழைக்கப்பட்டுச் சிறப்பிக்கப்படுகின்றனர். தாம் சார்ந்த ரெஜிமெண்டின் நாட்களையும் பிராந்திய பட்டாலியன்கள் தமதாக ஏற்கின்றன என்பதால், வெலிங்டனில் கொண்டாடப்படும் டிசம்பர் 4 கோயம்புத்தூர் பட்டாலியனுக்கும் உரியது. வீர மதராசி என்று தொடங்கும் போர் முழக்கமும் இரண்டிலும் ஒன்றே. இந்த நடு அடுக்கே உயிருள்ளது. ஆண்டில் பத்து மாதம் வெவ்வேறு ஊர்களில் சிதறி வாழ்பவர்களுக்கு ஒரே பட்டாலியனைச் சேர்ந்தவர்கள் என்ற உணர்வை அளிக்கும் வாய்ப்பு, பயிற்சி முகாமும் இந்த நாட்களும் தவிர வேறில்லை. அன்றாடம் ஒன்றாக வாழும் நிரந்தரப் படைக்கு விழா ஒரு மகிழ்ச்சி. பிராந்தியப் படைக்கு அது பட்டாலியனைப் பட்டாலியனாக வைத்திருக்கும் கட்டுமானம்.

மூன்றாவது அடுக்கு பொதுமக்கள் பார்வைக்குரியது; அங்கே முன்னிற்பவர்கள் கௌரவ அதிகாரிகள். கபில்தேவ் 2008இலும், மோகன்லால் 2009இலும், மகேந்திரசிங் தோனி 2011இலும் பிராந்திய இராணுவத்தின் கௌரவ லெப்டினன்ட் கர்னல் ஆனார்கள். தோனி 2019இல் காஷ்மீரில் 106ஆவது பட்டாலியனோடு இரு வாரம் தங்கிக் காவற்பணி செய்ததும், மோகன்லால் 2024 ஆகஸ்டில் 122ஆவது பட்டாலியனின் சீருடையில் வயநாட்டுக்குச் சென்றதும் நாடெங்கும் பேசப்பட்டன. இளைஞர்களின் கவனத்தைப் படையின்பால் திருப்பியதில் இவர்களுடைய பங்கை மறுக்க இயலாது. ஆயினும், பிராந்திய இராணுவம் என்றதும் இரண்டு மூன்று புகழ்பெற்ற முகங்களே மக்கள் மனத்தில் எழுவது, அதே படையில் பதினைந்து, இருபது ஆண்டுகள் பணியாற்றிய பெயரறியா வீரர்களை மேலும் மறைத்துவிடுகிறது. 2024 நவம்பரில் கோயம்புத்தூரில் நடந்த ஆள்சேர்ப்பு முகாமில் பல மாவட்டங்களின் இளைஞர்கள் திரண்டபோது, வேலை தேடி வந்தவர்கள் எத்தகைய வேலையைத் தேடி வந்திருக்கிறார்கள் என்ற விளக்கம் அவர்களுக்குக் கிடைத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். வேறு வருமானம் உள்ளவரை எதிர்பார்க்கும் படைக்கு, வருமானமே இல்லாதவர்கள் திரள்வது அப்படையைப் பற்றிய பொது அறிவு எவ்வளவு மெலிந்தது என்பதற்குச் சான்று. பெண்கள் சேர்வதற்கு இருந்த தடையை 2018 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் நீக்கியதும் பரவலாகத் தெரிய வேண்டிய செய்தியே.

இந்த மூன்று அடுக்குகளிலும் வீரரின் சொந்த ஊருக்கு இடமில்லை என்பதே இவ்வாய்வின் முதன்மையான கண்டறிதல். பிரிட்டனில் 1908இல் தொடங்கிய பிராந்தியப் படைகள் மாவட்ட வாரியாக அமைக்கப்பட்டவை. ஆகவே நவம்பர் 11 நினைவு நாளில் சிற்றூர்ச் சதுக்கங்களில் நிற்கும் கற்களின் முன்னும் அவை நினைக்கப்படுகின்றன. தமிழகத்திலும் முதல் உலகப்போருக்குப் பின் பல ஊர்களில் அரசு பதித்த சிறு கல்வெட்டுகள் உண்டு. ஊரிலிருந்து போருக்குச் சென்றவர் எத்தனை பேர், மடிந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிக்கையை மட்டும் கூறும் அவை, ஒரு பெயரையும் கூறுவதில்லை. பெயரில்லாத அக்கற்களும் எத்தனையோ இடங்களில் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்துகொண்டிருக்கின்றன. ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று கொடிநாள் நிதி திரட்டுவதும், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடப்பதும் மாவட்ட அளவில் தொடர்கின்றன. நிரந்தரப் படையிலிருந்து ஓய்வுபெற்றவரே அங்கும் முன்னிற்கிறார். அழைப்பு முடிந்து வீட்டிலிருக்கும் பிராந்தியப் படைவீரர் பணியிலும் இல்லை, முன்னாள் வீரர் என்ற வகையிலும் முழுமையாக அடங்குவதில்லை.

இக்குறையை நீக்கப் பெருஞ்செலவு தேவைப்படாது. பட்டாலியன் அலுவலகங்களில் உள்ள பணிப்பதிவுகளிலிருந்து வட்டம் வாரியாக ஒரு பெயர்ப்பட்டியல் ஆயத்தம் செய்து மாவட்ட நல அலுவலகத்துக்கு அளிப்பதும், ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் கூடும் கிராமசபைகளில் அவ்வூர் வீரர்களின் பணிக்காலத்தையும் பணியிடத்தையும் பதிவுசெய்வதும் இன்றுள்ள நிர்வாக அமைப்புக்குள்ளேயே இயலக்கூடியவை. நாமக்கல் 1997இல்தான் தனி மாவட்டமாயிற்று என்பதால், அதற்கு முந்தைய வீரர்களின் ஆவணங்கள் சேலத்துக் கோப்புகளில் இருக்கும்; இரண்டையும் இணைத்துப் பார்க்கும் வேலை ஓர் ஆய்வு மாணவரால் தொடங்கக்கூடிய ஒன்று. 1965, 1971 ஆண்டுகளின் அழைப்புக்குச் சென்றவர்கள் இன்று எழுபதைக் கடந்த முதியவர்கள். அவர்களிடம் நேரில் கேட்டறிய இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.